மன்னார் வெயிலும் மழலையர் காப்பும்

மன்னார்த் தீவு நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 9 பாகையில் அமைந்துள்ளது. ஆதலின் ஆண்டில் இருமுறை ஞாயிறு அத்தீவின் உச்சிக்கு நேராக வந்து நிற்கின்றது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் ஒருமுறை. ஓகஸ்ட் மாதத்தின் கடைசி நாட்களில் மற்றொரு முறை. அந்நாட்களில் தலைமன்னார்க் கரையிலே, நண்பகல் 12 மணி கடந்து பத்துப் பன்னிரண்டு நிமிடங்களில், நேரான கோல் ஒன்றை நட்டுப் பார்த்தால் அதன் நிழல் கோலின் அடியிலேயே ஒடுங்கிவிடும். இவ்விரு நாட்களுக்கும் இடைப்பட்ட மாதங்களிலும் நண்பகல் ஞாயிறு உச்சியிலிருந்து 15 பாகைக்கு மேல் விலகுவதில்லை. மார்கழியிற்கூட அது 33 பாகைக்கு மேல் சாய்வதில்லை. மன்னாரில் வெயில் என்பது ஒரு பருவத்தின் பெயரன்று. ஆண்டு முழுவதும் அங்கு வாழும் ஓர் உண்மை.

அந்த வெயிலோடு வாழப் பழகியவர்கள் மன்னார் மக்கள். பேசாலையிலும் தாழ்வுபாட்டிலும் கடற்றொழில் செய்வோர், மணலிற் கருவாடு உலர்த்தும் பெண்கள், பனந்தோப்புகளில் உழைப்போர் ஆகிய அனைவரும் உடலால் அதனை அறிவர். ஆயினும் வளர்ந்தவன் தனக்குச் சுடுகின்றது என்றால் நிழலுக்கு ஒதுங்குவான். தாகம் எடுத்தால் நீர் கேட்பான். ஏணையிற் கிடக்கும் குழந்தைக்கோ ஒதுங்கவும் இயலாது, கேட்கவும் இயலாது. அதன் பொருட்டு அறிய வேண்டுவனவற்றைத் தாய் தந்தையரே அறிந்திருத்தல் வேண்டும். கடைகளில் வெயிற்காப்புக் கிறீம்கள் பல பெயர்களில் விற்கப்படும் இக்காலத்தில், இவற்றுள் எது குழந்தைக்குத் தீங்கற்றது என்ற வினாவும் இல்லங்கள் தோறும் எழுகின்றது. அவ்வினாவிற்கு விடை காணுமுன், காப்பு எதனிடமிருந்து வேண்டும் என்பதைத் தெளிதல் நன்று.

ஞாயிற்றின் ஒளியில் கண்ணுக்குத் தெரிவது ஒரு பகுதியே. 1801ஆம் ஆண்டில் ஜேர்மானிய அறிஞர் யோகான் ரிட்டர், வானவில்லின் ஊதா நிறத்திற்கு அப்பால், ஒன்றும் தெரியாத இடத்தில் வைத்த வெள்ளிக் குளோரைட்டு விரைந்து கருமையடைவதைக் கண்டார். அங்கே கண்ணுக்குப் புலப்படாத கதிர்கள் உள்ளன என்பது அதனால் விளங்கிற்று. அவற்றையே கழியூதாக் கதிர்கள் என்கின்றனர். புற ஊதாக் கதிர்கள் எனவும் கூறுவர். இவை ஏ, பி, சி என மூவகைப்படும். சி வகையை வளிமண்டலம் முற்றாகத் தடுத்துவிடுகின்றது. பி வகையிற் பெரும்பகுதியை ஓசோன் படலம் உறிஞ்ச, எஞ்சியது நிலத்தை அடைந்து தோலைச் சிவக்கச் செய்கின்றது, புண்ணாக்குகின்றது. ஏ வகை பெருமளவில் வந்து தோலின் ஆழம் வரை ஊடுருவுகின்றது. பி வகையைச் சாளரக் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடும். ஏ வகை அக்கண்ணாடியூடாகவும் நுழையும்.

இக்கதிர்கள் வேறு, வெப்பம் வேறு. இரண்டும் ஒரே ஞாயிற்றிலிருந்து வருவனவாயினும், உடலுக்கு வெம்மை தோன்றாத வேளையிலும் கழியூதாக் கதிர்கள் தம் வேலையைச் செய்துகொண்டேயிருக்கும். மன்னாரில் இது பெரிதும் கருதத்தக்கது. மே மாதம் தொடங்கிச் சோளகக் காற்று தீவின்மீது ஓயாது வீசுகின்றது. அக்காற்று வியர்வையை உலர்த்திக் குளிர்ச்சி தருகின்றது. ‘காற்று நன்றாக வருகின்றதே’ என்று குழந்தையைக் கடற்கரையில் நெடுநேரம் வைத்திருப்பவர், காற்றுக் கதிரைத் தடுப்பதில்லை என்பதை எண்ணுவதில்லை. முகிலும் அவ்வாறே ஏமாற்றும். மெல்லிய முகிலூடாக இக்கதிர்களில் 80 வீதம் வரை கீழிறங்கலாம் என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. உலர்ந்த கடற்கரை மணல் ஏறத்தாழ 15 வீதத்தையும், கடல் நுரை ஏறத்தாழ 25 வீதத்தையும் தெறிக்கச் செய்கின்றன. எனவே தலைக்கு மேல் நிழல் இருப்பினும் பக்கங்களிலிருந்தும் கீழிருந்தும் கதிர் வந்து சேரும். அரை மீற்றர் ஆழ நீரிலும் மேற்பரப்பிலுள்ள வலிமையில் 40 வீதம் எஞ்சியிருக்கும். நீரில் நின்று விளையாடும் சிறுவன் குளிர்ச்சியாக இருக்கின்றான். ஆனால் காக்கப்பட்டவனாக இல்லை.

‘கருநிறத்தவருக்கு இவையெல்லாம் எதற்கு?’ என்று கேட்போர் உளர். அக்கேள்வியில் ஓரளவு உண்மையும் உண்டு. தோலுக்கு நிறந்தரும் மெலனின் என்னும் பொருள் ஓர் இயற்கைக் குடையாகும். அதனாலேயே தோற் புற்றுநோய் வெண்ணிறத்தவரிடையே மிகுந்தும் தென்னாசிய மக்களிடையே அரிதாகவும் காணப்படுகின்றது. எனினும் மிகக் கருத்த தோலின் இயற்கைக் காப்புக்கூட, கிறீம்களை அளவிடும் எண்ணாற் சொல்வதாயின், ஏறத்தாழ 13 அளவினதே என்று ஆய்வாளர் கணித்துள்ளனர். பழுப்பு நிறத் தோலுக்கு அது இன்னும் குறைவு. பிறந்த குழந்தையின் தோலோ மெல்லியது. அதன் நிறம் முழுமை பெறச் சில மாதங்கள் செல்லும். கண்ணுக்கு எவ்வகை மெலனினும் போதிய குடையாவதில்லை. கடற்றொழிலாளர் பலருடைய கண்ணின் வெண்பகுதியிலிருந்து கருவிழி நோக்கிச் சதை படர்வதற்கும், கண்புரை தோன்றுவதற்கும், ஆண்டுக் கணக்கில் ஏற்ற இக்கதிர்களும் ஒரு காரணமாகும். முதுமையில் வெளிப்படும் அக்கேடு சிறுபருவத்திலேயே சேரத் தொடங்குகின்றது.

கதிர்களின் வலிமையை அளக்கக் கழியூதாச் சுட்டெண் என்னும் அளவு வழங்கி வருகின்றது. 3 முதற்கொண்டு காப்பு வேண்டும். 8 முதல் 10 வரை மிக உயர்வு. 11உம் அதற்கு மேலும் மிகக் கடுமை என்பது அதன் கணக்கு. தெளிந்த வானுள்ள நாட்களில் மன்னார் போன்ற இடங்களில் நண்பகல் அளவு 11ஐத் தாண்டிவிடுகின்றது. இவ்வெண்ணைத் தேட வசதி இல்லாதோருக்கு எளிய வழி ஒன்றுண்டு: பிள்ளையின் நிழலைப் பார்க்க வேண்டும். நிழல் பிள்ளையின் உயரத்தைவிடக் குறுகியிருந்தால் வெயில் வலிது, நீண்டிருந்தால் மெலிது. நடைமுறையிற் காலை 9 மணிக்குப் பின்னும் மாலை 3 மணிக்கு முன்னும் உள்ள வெயிலே பெரிதும் அஞ்சத்தக்கது.

இந்தக் கணக்கை ஒரு பாடசாலை மாணவனின் நாளோடு பொருத்திப் பார்த்தல் தகும். காலை 7.30 மணிக்குத் தொடங்கும் பாடசாலைக்கு அவன் இளவெயிலிற் செல்கின்றான். திரும்புவதோ பிற்பகல் 1.30 மணிக்கு. வெறுந்தலையோடு, தார் வீதியின் வெம்மையில், மரமற்ற மணற்பாங்கான வழியில் அவன் நடந்து வருகின்றான். தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் ஏறத்தாழ 3 கிலோமீற்றர் நீளமான தாம்போதியில் நிழல் என்று சொல்ல ஒன்றுமில்லை. அதன்மீது மோட்டார் சைக்கிளில் தாயின் மடியிலிருந்து செல்லும் குழந்தைக்கு மேலே வானமும், இருபுறமும் ஒளியைத் தெறிக்கும் நீரும், நிலமுமே உள்ளன. ஓகஸ்ட் 15ஆம் நாள் மடுத் திருவிழாவிற்கும், சிவராத்திரியன்று திருக்கேதீச்சரத்திற்கும் கைக்குழந்தைகளோடு செல்வோர் பலர். இத்தகைய பயணங்களைக் காலை 9 மணிக்குள் முடித்துக்கொள்ளுதல், அல்லது மாலை வரை தாமதித்தல், எந்தக் கிறீமும் தராத காப்பைத் தரும்.

ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு நிழலே மருந்து. அப்பருவக் குழந்தையை நேர்வெயிலிற் கொண்டுசெல்லாதிருத்தலே முதல் விதி. கிறீம் அதற்கு உரியதன்று. உடலின் எடையோடு ஒப்பிடும்போது அக்குழந்தையின் தோற்பரப்பு மிகுதி. ஆதலின் பூசப்படும் பொருள் உடலிற் சேரும் அளவும் மிகுதி. தவிர்க்க முடியாத வேளையில், நிழலும் ஆடையும் எட்டாத முகம், புறங்கை போன்ற சிறு இடங்களில் மட்டும் சிறிதளவு பூசலாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் கூறுகின்றது. கடற்கரை வாடியிலும் கிடுகுக் கொட்டிலிலும் குழந்தையைக் கிடத்தும் தாய்மார், கூரையின் நடுவே, மணலின் ஒளி தெறித்துப் படாத பக்கத்தில் ஏணையைக் கட்டுதல் நன்று. வெயிலை மறைப்பதற்காக ஏணையையோ தள்ளுவண்டியையோ துணியால் முழுவதும் மூடுதல் கேடாகும். உள்ளே காற்றோட்டம் நின்று வெப்பம் ஏறும். வெளியே இருப்பவருக்கு அது தெரியாது.

வெக்கை மிகுந்த நாட்களில் சிறு குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்க எண்ணுவதும் வழக்கம். ஆறு மாதம் வரை தாய்ப்பாலே போதியது. வெப்பம் மிக்க நாடுகளிலும் இதுவே உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. பாலை அடிக்கடி கொடுப்பதும், தாய் தான் வேண்டிய நீர் அருந்துவதுமே முறை. ஆறு மாதங் கடந்த பின் கொதித்தாறிய நீரைச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம்.

பிறந்த குழந்தையின் உடல் மஞ்சளாகத் தோன்றும்போது இளவெயிலிற் கிடத்தும் பழக்கம் தமிழ் மக்களிடையே நெடுநாளாக உள்ளது. அதற்கு ஓர் அடிப்படை இல்லாமலில்லை. 1950களில் இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியிலுள்ள ரொச்போர்ட் மருத்துவமனையில், வெயில் பட்ட குழந்தையின் தோலில் மட்டும் மஞ்சள் நிறம் குன்றியிருப்பதை ஜீன் வார்ட் என்னும் தாதி கண்டார். அதிலிருந்து பிறந்ததே மருத்துவமனைகளில் இன்று வழங்கும் ஒளிச் சிகிச்சை. ஆயினும் அங்குப் பயன்படுவது அளவிட்ட நீல ஒளி. வெயிலில் அந்த ஒளியோடு கழியூதாக் கதிரும் வெப்பமும் கலந்து வருகின்றன, அளவும் இல்லை. மேலும் கடும் மஞ்சள் மூளையைத் தாக்கக் கூடியது. ஆதலின் மஞ்சள் கண்ட குழந்தையை வெயிலில் வைத்துக் காத்திராமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுதலே கடமை. எண்ணெய் பூசி வெயிலிற் கிடத்துவதும் காப்பாகாது. தேங்காய் எண்ணெய் நம்பத்தக்க திரையன்று. தடித்த எண்ணெயும் களிம்பும் வியர்வை வழிகளை அடைத்து வேர்க்குருவை மிகுவிக்கவும் கூடும்.

வளரும் பிள்ளைகளுக்கு நிழலுக்கு அடுத்தது ஆடை. இங்கே நிறத்தைவிட நெசவே முதன்மையானது. துணியை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். அதனூடே வெளிச்சம் எவ்வளவு வருகின்றதோ அவ்வளவுக்குக் கதிரும் வரும். மெல்லிய வெள்ளைப் பருத்திச் சட்டையின் காப்புச் சிறிதே. நனைந்து உடலோடு ஒட்டினால் அது மேலும் குறையும். நெருங்கிய நெசவுடைய, தளர்வான, முழங்கையைக் கடக்கும் சட்டை வெப்பத்தையும் கூட்டாது, கதிரையும் தடுக்கும். கடலிற் குளிக்கும் பிள்ளை அச்சட்டையோடே குளிக்கலாம். தலைக்கு, முன்புறம் மட்டும் நீண்ட தொப்பி போதாது. செவியும் பிடரியும் வெளியே நிற்கும். சுற்றிலும் மூன்று அங்குல விளிம்புள்ள தொப்பி வேண்டும். பனை நிறைந்த மன்னாரில், பனையோலையால் நெருக்கமாக முடைந்த அகன்ற தொப்பி இதற்கு முற்றும் பொருந்தும். முகம், செவி, கண், கழுத்து ஆகிய நான்கையும் அது ஒருங்கே காக்கும்.

இவ்வளவிற்குப் பின்னும் மறையாது எஞ்சும் இடங்களுக்கே கிறீம். அதனைத் தேர்ந்தெடுக்க, குப்பியின் முன்பக்கப் படத்தைப் பாராமல் பின்பக்க எழுத்தைப் படிக்க வேண்டும். முதலில் எஸ்.பி.எப். என்ற எழுத்துகளுக்கு அருகிலுள்ள எண். 15 எனில், முறைப்படி பூசியபோது பி வகைக் கதிரில் ஏறத்தாழ 93 வீதம் தடுக்கப்படும். 30 எனில் 97 வீதம். 50 எனில் 98 வீதம். எனவே 30 போதியது. அதற்கு மேல் எண் ஏறுமளவிற்குப் பயன் ஏறுவதில்லை. அவ்வெண் ஏ வகைக் கதிரைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. அதற்கு, இருவகைக் கதிரையும் தடுக்கும் என்ற குறிப்போ, பி.ஏ. என்ற எழுத்துகளை அடுத்து மூன்று அல்லது நான்கு கூட்டற் குறிகளோ உள்ளனவா என்று பார்க்க வேண்டும்.

அடுத்து அதன் மூலப்பொருள். சிங்க் ஒக்சைட்டு, தைத்தேனியம் ஈரொக்சைட்டு ஆகிய இரண்டும் கனிமப் பொருட்கள். பெரும்பாலும் தோலின் மேலேயே தங்கிக் கதிரைத் தடுப்பவை. ஐக்கிய அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட முன்மொழிவில், பாதுகாப்பும் பயனும் போதிய சான்றுடையவை என இவ்விரண்டையுமே குறித்தது. ஒக்சிபென்சோன் முதலிய வேறு பல பொருட்களுக்கு மேலும் சான்று கேட்டது. அவற்றுட் சில தோலூடாக இரத்தத்தில் கலப்பதை 2019, 2020ஆம் ஆண்டுகளில் வெளியான ஆய்வுகள் காட்டின. இரத்தத்திற் கலப்பதனாலேயே தீங்கு என்று முடிவு கட்டுதல் கூடாது. ஆயினும் ஐயமற்ற பொருள் கடையிற் கிடைக்கும்போது குழந்தைக்கு அதனைக் கொள்வதே அறிவுடைமை. நறுமணம் சேராததாக இருத்தல் நன்று. பீய்ச்சும் வகையைக் குழந்தை மூச்சோடு உள்ளிழுத்துவிடும். எனவே அது வேண்டா. நுளம்பு விரட்டியும் வெயிற்காப்பும் ஒன்றாகக் கலந்ததும் வேண்டா. ஒன்றை அடிக்கடி பூச வேண்டும், மற்றதை அவ்வாறு பூசலாகாது. காலாவதி நாள் கடந்ததையும், வெயிலில் நின்ற வாகனத்திற் கிடந்து சூடேறியதையும் நீக்கிவிட வேண்டும். புதிதாக வாங்கியதை முன்கையின் உட்புறத்தில் சிறிது பூசி ஒருநாள் பார்த்த பின்பே முகத்திற் பூசுதல் தகும்.

பூசும் அளவிலும் ஒரு கணக்குண்டு. குப்பியிலுள்ள எண், தோலின் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 2 மில்லிகிராம் வீதம் பூசிப் பெற்ற எண்ணாகும். ஆறு வயதுப் பிள்ளையின் தோற்பரப்பு ஏறத்தாழ முக்காற் சதுர மீற்றர். அவ்வுடல் முழுவதும் ஒருமுறை பூச ஏறத்தாழ 15 கிராம் வேண்டும். 50 கிராம் கொண்ட குழாய் மூன்று முறைக்கே காணும். இரண்டு மணிக்கு ஒருமுறையும், கடலாடி எழும் ஒவ்வொரு முறையும் மீண்டும் பூச வேண்டும் என்பதையும் சேர்த்து நோக்கினால், கடற்கரையிற் கழியும் ஒரு நாளுக்கே அக்குழாய் போதாது. ஏழைக் குடும்பத்தால் இது இயலுமா? இயலாது என்று எண்ணி அளவைக் குறைத்துத் தடவினால் காப்பும் வெகுவாகக் குறையும்; பூசியுள்ளோம் என்ற துணிவு மட்டும் மிஞ்சும். ஆனால் சட்டையும் தொப்பியும் உடலை மூடியிருந்தால் முகம், கழுத்து, புறங்கை, புறங்கால் ஆகியவற்றிற்குச் சில கிராமே போதும். சட்டை கரைவதில்லை, இரண்டு மணிக்கு ஒருமுறை மாற்றவும் வேண்டியதில்லை. ஆடை முன்னும் கிறீம் பின்னும் என்ற முறை செல்வருக்கும் வறியவருக்கும் ஒன்றே.

வெயிற்காப்பு என்ற பெயரில் வெண்மையாக்கும் கிறீம்களும் விற்பனையாகின்றன. இவை குழந்தைக்கு ஒருபோதும் ஆகா. இவ்வகைப் பொருட்கள் சிலவற்றிற் பாதரசம் கலந்திருப்பது பல நாடுகளிற் கண்டறியப்பட்டுள்ளது. பாதரசம் சிறுநீரகத்தையும் நரம்புகளையும் கெடுப்பது. தாய் பூசியதும் அணைப்பின் வழியே சேய்க்குச் சேரக்கூடியது. பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்த 2013ஆம் ஆண்டில் கையெழுத்தாகி 2017இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கை இத்தகைய அழகுப் பொருட்களையும் தடைசெய்கின்றது. வெயிலிலிருந்து பிள்ளையைக் காப்பது நிறத்தை மாற்றுவதற்கன்று; அந்நிறமே பிள்ளைக்கு இயற்கை அளித்த முதற் காப்பு.

கடலுக்கும் இதில் ஒரு பங்குண்டு. மன்னார்க் குடாவில் பவளப் பாறைகள் உள்ளன. கடல் சூடேறுவதே அவற்றிற்குப் பெருந்தீங்கு. எனினும் ஒக்சிபென்சோன் போன்ற பொருட்கள் இளம் பவளங்களுக்குக் கேடு செய்வதாக ஆய்வுகூடச் சோதனைகள் காட்டியதால், பலாவு நாடு 2020இலும் ஹவாய் மாநிலம் 2021இலும் அத்தகைய சில பொருட்களின் விற்பனையைத் தடைசெய்தன. சட்டையோடு கடலாடும் பிள்ளை தன்னையும் காத்துக் கடலையும் காக்கின்றது.

இத்தனை காவல் இருந்தும் சில வேளை பிழை நேரலாம். வாய் உலர்தல், சிறுநீர் குறைதல், சோர்ந்து துவளுதல், பால் குடிக்க மறுத்தல், உடல் அனலாகக் கொதித்தல் ஆகியவை வெப்பம் தாக்கியதன் அறிகுறிகள். உடனே நிழலுக்குக் கொண்டுசென்று, ஆடையைத் தளர்த்தி, நீரில் நனைத்த துணியால் உடலைத் துடைத்து விசிற வேண்டும். மயக்கமோ வலிப்போ கண்டால் அதனைச் செய்துகொண்டே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். வெயில் பட்டுத் தோல் சிவந்தால் குளிர்ந்த நீரே ஏற்றது. பனிக்கட்டியும் பற்பசையும் எண்ணெயும் கூடா. ஒரு வயதிற்குட்பட்ட குழந்தைக்குத் தோல் சிவந்தாலும் கொப்புளித்தாலும் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். வெயிலைத் தவிர்ப்பதால் விற்றமின் டி குறையுமோ என்று ஐயுறும் தாய்மார், குடும்பநல உத்தியோகத்தரிடமோ தாய் சேய் நல நிலையத்திலோ கேட்டுத் தெளியலாம்; தேவையானால் அது துளி மருந்தாகக் கிடைக்கும்.

அவுஸ்திரேலியாவில் 1981ஆம் ஆண்டில் தொடங்கிய பெயர்பெற்ற வெயிற்காப்பு இயக்கம் சட்டை அணிக, கிறீம் பூசுக, தொப்பி வைக்க என மூன்றைச் சொல்லிற்று. நிழல் நாடுக, கறுப்புக் கண்ணாடி அணிக என்பன பின்னர்ச் சேர்க்கப்பட்டன. மன்னாருக்கு நிழலே முதலில் வர வேண்டும். ஆனால் நிழல் தனியொரு தாயால் வாங்கத்தக்க பொருளன்று. 2024ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் வெப்பம் மிகுந்தபோது, மாணவரின் வெளிக்கள நடவடிக்கைகளைக் குறைக்குமாறு கல்வி அமைச்சுப் பாடசாலைகளுக்கு அறிவுறுத்த நேர்ந்தது. விளையாட்டுப் போட்டியை காலையிலோ மாலையிலோ நடத்துவது அதிபரின் கையில் உள்ளது. பேருந்துத் தரிப்பிடத்திற்குக் கூரை வேய்வது உள்ளூராட்சி மன்றத்தின் கையில் உள்ளது. பாடசாலை செல்லும் வழியில் வேம்பும் பூவரசும் நட்டு, அவை வேர்கொள்ளும் வரை நீரூற்றுவது ஊரார் கையில் உள்ளது. இன்று நடும் கன்று நிழல் தரச் சில ஆண்டுகள் செல்லும். ஏணையில் உறங்கும் குழந்தை புத்தகப்பையோடு அவ்வழியே நடக்கத் தொடங்குவதற்கும் ஏறத்தாழ அதே காலமே உள்ளது.